மாதிரி புராஜெக்ட்டுகளை அடுக்கும்போது செய்யக்கூடாதவை

பைத்தான் நிரல்மொழி பழகத் தொடங்கி மூன்று மாதம் ஆனால் போதும், கணினியில் 'டெஸ்ட்', 'டெஸ்ட்2', 'புதுசு', 'ஃபைனல்' என்று ஃபோல்டர்கள் முளைத்துவிடும். பெயர் கண்ணராவியாக இருப்பது ஒரு பொருட்டில்லை. ஒரு வருடம் கழித்துத் திறந்தால் ஒன்றுகூட ஓடாது, அதுதான் சிக்கல்.

முதலில் கோப்பின் பெயர். ரேண்டம் எண்களைப் பழகுகிறோம் என்று கோப்புக்கும் 'ரேண்டம்' என்றே பெயர் வைப்பார்கள். இம்போர்ட் செய்யும்போது (வேறு கோப்பிலுள்ள நிரலை இழுத்துப் பயன்படுத்தும்போது) பைத்தான் முதலில் தேடுவது, ஓடும் கோப்பு இருக்கும் ஃபோல்டரில்தான். அதனால் மொழியோடு வரும் 'ரேண்டம்' மாட்யூலை (ஆயத்த நிரல் கோப்பை) விட்டுவிட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். அந்த மாட்யூலின் 'ரேண்ட்இன்ட்' ஃபங்ஷனைக் கூப்பிட்டால், 'ரேண்ட்இன்ட் என்று எதுவும் இல்லை' என்று பிழை வரும். பைத்தானை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் இது தீராது. பெயரை மாற்றினால் அடுத்த நொடி தீரும். 3.13 பதிப்பிலிருந்து பிழைச் செய்தியே பெயரை மாற்றச் சொல்கிறது. ஒரே ஃபோல்டரில் முப்பது பயிற்சிக் கோப்புகளைக் கொட்டி வைத்தால் ஆபத்து இன்னும் பெரிது: ஒரு கோப்பின் பெயர் மற்ற இருபத்தொன்பதையும் கெடுக்கலாம்.

அடுத்தது, எல்லா மாதிரிக்கும் ஒரே லைப்ரரித் தொகுப்பு (லைப்ரரி என்பது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்கள்). அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியின் 1.5 பதிப்பில், டேட்டாஃப்ரேமின் (அதன் அட்டவணையின்) வரிசை சேர்க்கும் 'அப்பெண்ட்' ஓடும், எச்சரிக்கை மட்டும் வரும். 2023-இல் வந்த 2.0-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. புது மாதிரிக்காக பாண்டாஸை அப்டேட் செய்த அன்றே பழைய மாதிரி படுத்துவிடும். மாதிரிக்கு ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (அதற்கு மட்டுமான தனி லைப்ரரித் தொகுப்பு) போடுங்கள். லைப்ரரிகளை நிறுவியதும் 'பிப் ஃப்ரீஸ்' (நிறுவியவற்றைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்து, பதிப்பு எண்களோடு ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் சேமியுங்கள். பொதுத் தொகுப்பில் நின்றுகொண்டு ஃப்ரீஸ் கொடுத்தால் சம்பந்தமில்லாத ஐம்பது லைப்ரரியும் சேர்ந்து வரும், கவனம். என்விரான்மென்ட் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தவும் கூடாது. அதன் ஸ்கிரிப்ட்களுக்குள் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும். அழித்துவிட்டு, அந்த ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பைக் கொண்டு புதிதாக உருவாக்குவதே வழி.

நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் எல்லா மாதிரிகளுக்கும் மேலே உள்ள தாய் ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ரன் அழுத்துவது இன்னொரு தவறு. டெர்மினல் (கட்டளைத் திரை) வழக்கமாகத் தாய் ஃபோல்டரில் நிற்கும். உங்கள் நிரலில் பாதை இல்லாமல் வெறும் 'டேட்டா' கோப்புப் பெயர் இருந்தால் அதை அங்கேதான் தேடும். பக்கத்திலேயே இருக்கும் கோப்பைக் 'காணோம்' என்று சொல்வது இதனால்தான். அந்த மாதிரியின் ஃபோல்டரை மட்டும் தனியாகத் திறங்கள். இரண்டு மூன்று ஒன்றாக வேண்டுமென்றால், ஃபைல் மெனுவில் 'ஆட் ஃபோல்டர் டு வொர்க்ஸ்பேஸ்' இருக்கிறது.

நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் 'கிட்' கருவியில் ஒரு பொறி உண்டு. மாதிரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு ரெப்போ (கிட் கண்காணிக்கும் ஃபோல்டர்) வைத்திருப்பீர்கள். அதற்குள் வேறொருவருடைய ரெப்போவை குளோன் (நகல்) செய்வீர்கள். கோப்புகளைச் சேர்க்கும் 'ஆட்' கட்டளை கொடுத்தால் கிட் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். உள்ளே உள்ள கோப்புகள் சேராது, அதன் ஒரு கமிட்டின் (சேமித்த நிலையின்) சுட்டி மட்டும் சேரும். வேறு கணினியில் குளோன் செய்து பார்த்தால் அந்த ஃபோல்டர் காலி! குளோன் செய்த ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கிட் ஃபோல்டரை நீக்குங்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டிருந்தால் 'கிட் ஆர்எம்' கட்டளையை 'கேஷ்டு' தேர்வோடு கொடுத்து அந்தச் சுட்டியை எடுத்துவிட்டு, மறுபடி 'ஆட்' செய்யுங்கள்.

ஏபிஐ கீயை (இணையச் சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியச் சாவியை) நிரலிலேயே எழுதி கமிட் செய்துவிட்டீர்களா? அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் அது இருக்கும். இணையத்திலுள்ள ரெப்போவுக்கு புஷ் (பதிவேற்றம்) ஆகியிருந்தால் கீயை ரத்து செய்து புதிதாக வாங்குங்கள்.