செந்தூல் தண்டவாள ஓரம், 1:87 அளவில்

மாதிரி ரயில் கட்டுபவர்களில் என்ஜினுக்கு யோசிக்காமல் காசு செலவழிப்பவர்கள்கூட, தண்டவாள ஓரத்துக்கு வந்ததும் ஒரு பச்சைப் பாயை ஒட்டி, கடையில் வாங்கிய நாலு ஊசியிலை மரத்தை நட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அந்த மரங்களுக்கு நடுவே மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் டீசல் என்ஜின் வந்தால் அது எந்த ஊர் ரயில் என்றே தெரியாது. என் மாமா கோலாலம்பூரின் செந்தூல் பக்கம் தண்டவாளப் பராமரிப்பு கேங்குக்கு மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக இருந்தவர். பள்ளி விடுமுறை விட்டால் அவர்கள் குவார்ட்டர்ஸில்தான் கிடப்பேன். ரயில் நொடியில் கடந்துவிடும், மீதி நேரம் முழுக்கக் கண்ணில் படுவது ஓரம்தான். ஆட்கள் நடந்து, துணி காயப்போட்டு, வாழை நட்டு, சூடம் காட்டிப் பழகிய ஓரம் அது. மாதிரி ரயிலில் அந்தக் கால்தடத்தையும் கைத்தடத்தையும் கொண்டுவருவது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தையும் ஆண்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள். கோலாலம்பூரில் கோமுட்டர் மின்ரயில் 1995இல் ஓடத் தொடங்கியது. 25,000 வோல்ட் மேல்கம்பியும் அதைத் தாங்கும் கம்பங்களும் அந்தக் காலத்தில் வந்தவை. ஆகவே 1985ஐக் கட்டினால் கம்பி வேண்டாம். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் மரச் சிலிப்பர் கட்டை, டீசல் என்ஜின், திறந்த ஓரம் போதும். இன்றைய செந்தூலைக் கட்டினால் கம்பம், காங்கிரீட் சிலிப்பர், வேலி எல்லாம் வேண்டும். நான் எப்போதும் 1985 பக்கம்தான். வேலி இல்லாத இடத்தில்தான் மனிதர்களை வைக்க முடிகிறது. பார்த்துச் செய்யப் படம் தேவைப்பட்டால் நிலைய மேடையிலோ மேம்பாலத்திலோ நின்று எடுங்கள். தண்டவாளத்தில் இறங்கவே கூடாது.

நம் ரயில் பாதை மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். நிஜத்தில் 87இல் ஒரு பங்கான 1:87 அளவில், இடைவெளி 12 மி.மீ. உள்ள தண்டவாளம் போட்டால் அது நிஜத்தில் 1,044 மி.மீ. ஆகும், ஏறக்குறைய சரி. ஜப்பானிய ‘N’ அளவு 1:150. அதில் 9 மி.மீ. தண்டவாளம் 1,350 மி.மீ. ஆகிவிடும், கொஞ்சம் அகலம்தான். அதற்காக ‘N’ அளவை ஒதுக்க வேண்டாம். சிலிப்பர் முனைகளை மண்ணும் புல்லும் மூடும்படி செய்தால் அகலம் கண்ணை உறுத்தாது. கீழே நான் சொல்லும் கணக்கெல்லாம் 1:87க்கு. ‘N’ அளவு என்றால் பாதியைவிடச் சற்றுக் கூட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் போதும். நிஜத்தில் அது 52 மீட்டருக்கு 26 மீட்டர், ஒரு குவார்ட்டர்ஸ் வீடும் ஒரு குறுக்குப் பாதையும் தாராளமாக அடங்கும். அடிக்கு ஒட்டுப்பலகையைவிட நெருக்கமான நுரைப்பலகை நல்லது. நம் ஊர் ஈரத்தில் அது வளையாது. தண்டவாளத்தை மேட்டில் வையுங்கள், பக்கத்தில் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டுங்கள். இங்கே பெய்யும் மழைக்கு வடிகால் இல்லாத தண்டவாளம் கிடையாது. பள்ளம் 12 மி.மீ. அகலம் இருந்தால் ஒரு மீட்டர் சாக்கடை. அட்டையில் சுவர் வைத்துச் சிமெண்டு நிறம் அடித்து, தண்ணீர் மட்டத்தில் மட்டும் பாசிப் பச்சை ஒரு கோடு. தண்ணீருக்கு வார்னிஷை மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு.

சரளைக்கல் போடுவதற்கு முன்பே தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் துருப் பழுப்பு அடித்துவிட வேண்டும். மேல்பரப்பை ஈரம் காயுமுன் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மின்சாரம் ஏறாது. பழைய மரச் சிலிப்பருக்குக் கறுப்பு அடிக்காதீர்கள். வெயிலும் மழையும் பட்ட கட்டை சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். சரளைக்குக் கட்டுமான மணலை டீ வடிகட்டியில் சலித்தால் போதும், அரை மி.மீ. பருமன்தான் வேண்டும். சலித்த மணலில் காந்தத்தை ஒருமுறை சுற்றி எடுங்கள். இரும்புத் துகள் கிடந்தால் என்ஜின் மோட்டாருக்குள் போய்விடும்.

மணலைத் தூவி, மெல்லிய தூரிகையால் சிலிப்பர் இடுக்குகளில் தள்ளுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரைப் பனி மாதிரி தெளியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் மணலை உருட்டிக்கொண்டு மேலேயே நிற்கும். வெள்ளைப் பசை ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து சொட்டுக்குழாயால் விடுங்கள். தண்டவாளம் பிரியும் இடத்தில் நகரும் நாக்குகளுக்குப் பக்கத்தில் மட்டும் பசை வேண்டாம்.

இதுவரை சொன்னதைப் பலரும் செய்வார்கள். காட்சிக்கு உயிர் கொடுப்பது குறுக்குப் பாதை. குவார்ட்டர்ஸிலிருந்து கடைக்குப் போகிறவர்கள் தண்டவாளத்தை நேர்க்கோட்டில் தாண்ட மாட்டார்கள், கடை இருக்கும் பக்கமாகச் சாய்ந்துதான் தாண்டுவார்கள். பசை முழுதும் காயுமுன் விரல்நுனியால் அந்தச் சாய்வில் 6 மி.மீ. அகலத்துக்குச் சரளையை அழுத்தி ஒதுக்குங்கள். சிலிப்பரின் தலை கொஞ்சம் தெரிய வேண்டும், அந்த இடத்தில் மட்டும் கட்டை மழுங்கி வெளுத்திருக்க வேண்டும். செம்மண்ணைப் பாதையில் தூவுங்கள். மேட்டில் ஏறும் பக்கம் அது சரளை மேலும் சிதறிக் கிடக்கட்டும், காலில் ஒட்டிய ஈர மண் அங்கேதான் உதிரும். மாமா வீட்டுப் பாதையில் சைக்கிளைத் தூக்கித் தாண்டுவார்கள், அதனால் பாதைக்குப் பக்கத்திலேயே மெல்லிசாக ஒரு சக்கரத் தடம் போகும். ஊசி முனையால் ஒரு கோடு கீறினால் அதுவும் வந்துவிடும்.

செம்மண் நம் ஊர் மண்ணாகவே இருக்கட்டும். ஆனால் அப்படியே பயன்படுத்தாதீர்கள். அடுப்பில் 100 பாகைக்கு மேல் அரை மணி நேரமாவது சூடாக்கி, ஆறவிட்டுச் சலியுங்கள். பூச்சி முட்டையும் பூஞ்சையும் அதில்தான் ஒளிந்திருக்கும். பசை பட்டால் மண் ஒரு படி கறுக்கும், அதற்குத் தகுந்தபடி வெளிறிய மண்ணாக எடுங்கள்.

லாலான் புல் இல்லாமல் மலேசியத் தண்டவாளம் இல்லை. நிஜத்தில் அது ஒரு மீட்டர் வளரும். மாதிரிக் காட்சிகளுக்கென விற்கும் 12 மி.மீ. செயற்கை நார்ப்புல் வாங்கினால் அளவு அப்படியே பொருந்தும். பாதையோரம் 2 மி.மீ., கொஞ்சம் தள்ளி 4, சாக்கடைக்கு அப்பால் 12. மிதிபடும் இடத்தில் குட்டை, ஆள் போகாத இடத்தில் நெட்டை. நாரை நிமிர்ந்து நிற்கவைக்கும் நிலைமின் கருவியால் அதைத் தூவும்போது மழை நாளைத் தவிர்த்து, குளிர்சாதன அறையில் செய்யுங்கள். ஈரம் ஏறிய நார் கட்டி கட்டியாக விழும், நிமிர்ந்து நிற்காது. ஒரே பச்சை வேண்டாம், காய்ந்த வைக்கோல் நிறத்தில் மூன்றில் ஒரு பங்காவது கலந்துகொள்ளுங்கள்.

வாழை மரத்துக்கு 40 மி.மீ. உயரம். தாளில் இலை வெட்டி, நடுவே மடித்து, ஓரத்தைக் கத்தரியால் நடுநரம்பு வரை நறுக்கிவிடுங்கள், காற்று கிழித்த இலை மாதிரி. கிழியாத இலை குருத்தில் ஒன்று மட்டும்.

மரத்தடியில் முனீஸ்வரரை நான் விடுவதே இல்லை. மாமாவின் ஆட்கள் காலையில் வேலைக்கு இறங்குமுன் அங்கே சூடம் காட்டிவிட்டுத்தான் போவார்கள். 15 மி.மீ. சதுரத்தில் ஒரு சிமெண்டு மேடை, மெல்லிய செம்புக் கம்பியில் சூலம், அதன் நடு முனையில் எலுமிச்சைக்கு ஒரு பொட்டு மஞ்சள். பசையில் நனைத்த டிஷ்யூ தாளைச் சிவப்புத் துணியாகக் கட்டுங்கள். மேடையின் முன்விளிம்பில் சூடக் கரிக்கு ஒரு கறுப்புத் தேய்ப்பு. அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் யாரும் கும்பிடாத கோயிலாகிவிடும்.

ஆட்கள் 19 மி.மீ. உயரம். பிரைசர் நிறுவனத்தின் நிறம் அடிக்காத பொம்மைகளை வாங்கி, அதே டிஷ்யூ தாளில் சேலையும் சாரோங்கும் கட்டிவிடலாம். ஓடுகிறவர், கையை உயர்த்தியவர் வேண்டாம். நிற்பவர், குந்தியிருப்பவர், காத்திருப்பவர் போதும். அசையாத பொம்மைக்கு அசையாத நிலைதான் பொருந்தும்.

சரி, படம் எடுக்கலாம். மேலே இருந்து எடுத்தால் பொம்மைதான் தெரியும். 19 மி.மீ. ஆளின் கண் 17 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையோடு வந்து அந்த உயரத்தில் நிற்கும். ஒரே விளக்கு, ஒரே பக்கத்திலிருந்து. பின்திரைக்கு அடர்நீலம் வேண்டாம், கோலாலம்பூர் வானம் பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். பக்கத்துப் பொருள் தெளிந்தால் தூரம் மங்கும். கைப்பேசியை அசைக்காமல் வைத்து, கிட்டே, நடுவே, தூரத்தில் எனக் குவியத்தை மாற்றி எடுத்து, செயலியில் ஒன்றாக்குங்கள். காணொலி என்றால் வேகம் முக்கியம். மணிக்கு 60 கி.மீ. ரயில் 1:87இல் நொடிக்கு 19 செ.மீ.தான் நகரும்.

படத்தை அனுப்பும்போது இடம், ஆண்டு, அளவு, எந்த மண், எந்த நார் என்று நாலு வரி சேர்த்து எழுதுங்கள், அடுத்தவருக்கு அதுதான் உதவும். முக்கியமாக, ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அழகாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். என்ன குறைகிறது என்று கேளுங்கள். என் அத்தை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி டின் எங்கய்யா? வாசல்ல கால் கழுவாம யாரும் உள்ள வர மாட்டாங்களே" என்று குரல்செய்தி அனுப்பினார். எந்தப் புகைப்படத்திலும் எனக்கு அது கிடைத்திருக்காது. வாசலில் ஒரு டின், பக்கத்தில் ஈரமண்ணுக்கு வார்னிஷ் ஒரு தொடுதல் வைத்தேன்.

தீபாவளித் திறந்த இல்லத்துக்கு எடுத்துப் போவதாக இருந்தால், மேசைமேல் வைக்காமல் பார்ப்பவர்களின் நெஞ்சு உயரத்தில் ஓர் அலமாரியில் வையுங்கள், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. வீட்டில் வைக்கும்போது மூடிய நெகிழிப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றாவிட்டால் பசை பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும்.