குயிக் டேப்: விசில் ஊதியதும் எதைப் பார்ப்பது?

மும்பையில் ரக்பி மழைக்கால ஆட்டம். ஜூன் பிறந்தால் மைதானமெல்லாம் சேறு, எங்கள் தாராவிப் பையன்களுக்கு அதில் விழுந்து புரள்வது கொண்டாட்டம். விளையாடி முழங்கால் போன பிறகு நான் விசிலுக்கு மாறினேன். புதிதாக ரெஃப்ரி ஆகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஸ்க்ரம் (இரண்டு அணியும் கோத்துக்கொண்டு தள்ளுவது) பற்றித்தான். மாட்டிக்கொள்வது என்னவோ குயிக் டேப்பில், அதாவது பெனால்ட்டியைச் சட்டென்று தட்டி எடுப்பதில்.

எதிரணியின் தப்புக்குப் பெனால்ட்டி கிடைத்த அணி உங்கள் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மார்க்கில் (பெனால்ட்டி எடுக்க வேண்டிய இடம்) பந்தைக் காலால் லேசாகத் தட்டி, கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். எதிரணி சுதாரிப்பதற்குள் ஓடிவிடுவதுதான் அவர்களுக்கு லாபம். நீங்கள் ஆடி அசைந்து வந்து "திரும்ப எடு" என்றால் தப்பு செய்தவனுக்குத்தான் உதவி.

அதை நானே செய்திருக்கிறேன். ஒரு பள்ளி மேட்ச். விசில் ஊதி, கையைத் தூக்கி, ஸ்கோர் மேஜைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன், அவ்வளவுதான். ஒன்பதாம் நம்பர் பையன் தட்டிவிட்டு ஓடி, கோல் லைனைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி ட்ரை வைத்துவிட்டான். எங்கே தட்டினான், பந்து காலில் பட்டதா, எதையுமே நான் பார்க்கவில்லை. பார்க்காததை எப்படிக் கொடுப்பது? திரும்ப அழைத்தேன். பையன் வாயே திறக்கவில்லை. டச் லைனில் நின்ற அவன் அம்மா என்னைத் திட்டியது தமிழில். இந்த ரெஃப்ரிக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிட்டார் போல.

அதனால் விசில் ஊதிய கையோடு மார்க்குக்கு ஓடுங்கள். குதிகாலால் சேற்றில் ஒரு கோடு கிழித்துவிட்டு ஓரமாக ஒதுங்குங்கள். கண் பந்தை விட்டு நகரக் கூடாது. தட்டுவது மார்க்கிலோ, அதற்கு நேர் பின்னாலோ இருக்க வேண்டும். கோல் லைனுக்கு 5 மீட்டருக்குள் நடந்த தப்பு என்றால் மார்க் 5 மீட்டர் கோட்டுக்கு வந்துவிடும். பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளியிருந்தால் நான் கண்டுகொள்வதில்லை. முன்னால் என்றால் விடவே மாட்டேன்.

அடுத்து, கால். முழங்காலுக்குக் கீழிருந்து விரல்வரை எங்கே பட்டாலும் கிக்தான். முழங்காலும் குதிகாலும் சேராது. பந்து கையை விட்டு வெளியே போனது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மழையில் பந்து வழுக்குமே என்று கட்டிப் பிடித்தபடி ஷூவில் ஒற்றி எடுப்பார்கள், அது செல்லாது.

சண்டை வருவது பெரும்பாலும் 10 மீட்டரில். எதிரணி மார்க்கிலிருந்து அத்தனை தூரம் பின்வாங்க வேண்டும், அவர்கள் கோல் லைன் அதைவிடக் கிட்டே இருந்தால் அதுவரை. வேகமாகத் தட்டினால் பாதிப் பேர் நடுவழியில் நிற்பார்கள். பின்வாங்க நேரமே கிடைக்காதவனை அங்கே இருந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது. ஆனால் அவன் ஆட்டத்திலும் கை வைக்கக் கூடாது. 10 மீட்டர் பின்வாங்க வேண்டும், அல்லது ஏற்கெனவே அங்கே இருந்த அவன் அணிக்காரன் ஒருவன் அவனைத் தாண்டி முன்னே வர வேண்டும். நான் அவன் காலைத்தான் பார்ப்பேன். கால் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தால் சரி. இரண்டு கையையும் தூக்கி அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஓடுகிறவன் வழியில் மெதுவாக நகர்கிறானா? அது பெனால்ட்டி. புது மார்க் 10 மீட்டர் முன்னே போகும். இந்த இரண்டாவது பெனால்ட்டியை நீங்கள் மார்க் காட்டும்வரை எடுக்க முடியாது. பல பேர் இதை மறந்துவிட்டு விழிப்பார்கள்.

10 மீட்டர் கண்ணுக்குப் பழக வேண்டும். தாராவி 90 அடி ரோட்டில் ஒரு நாள் விடியற்காலையில் அளவு நாடா பிடித்து அளந்தேன். என் நடைக்கு 13 எட்டு. பால் வண்டிக்காரர், ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களா என்று பயந்தே போய்விட்டார்.

யாராவது அடிபட்டுக் கிடந்தாலோ, கார்டு எடுக்கப் போகிறீர்கள் என்றாலோ, உடனே "டைம் ஆஃப்" (ஆட்டம் நிற்கட்டும்) என்று உரக்கச் சொல்லிவிடுங்கள். பெனால்ட்டி எடுப்பவன் தட்டிய பிறகு சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏழு பேர் ஆடும் செவன்ஸில் இது இன்னும் அதிகம். பாதிக்கு 7 நிமிஷம்தான், யாருக்கும் நிற்க நேரமில்லை. 2025-இல் அந்தேரியில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் நம் சென்னை புல்ஸ் ஜெயித்தது. அந்த வீடியோ கிடைத்தால் ஒருமுறை புல்ஸுக்குக் கைதட்டி முடித்துவிடுங்கள். அப்புறம் இன்னொரு முறை போட்டு, விசில் ஊதிய அடுத்த நொடி ரெஃப்ரி எந்தப் பக்கம் கால் வைக்கிறார் என்பதை மட்டும் பாருங்கள்.