வீடு மாறும்போது ஃப்ரிட்ஜில் இருப்பதை என்ன செய்வது?

ஒரு ராத்திரிப் பயணம்தானே, ஃப்ரிட்ஜில் இருப்பது கெட்டா போகும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து மதுரைக்குச் சனிக்கிழமை மாலை லாரி கிளம்புகிறது. ஃப்ரீசரில் ஐஸ் கட்டும் டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜ் என்றால், ஐஸ் உருகி உள்ளே காய வெள்ளி இரவே சுவிட்சை அணைக்க வேண்டும். ஞாயிறு காலை இறக்கி, நான்கு மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, மதியம் போட்டால் நன்றாகக் குளிர இரவாகிவிடும். ஆக மொத்தம் இரண்டு நாள். அத்தனை நேரம் மீனும் தாங்காது, பாலும் தாங்காது. எப்படிக் கட்டுவது என்று யோசிக்கும் முன்பு, எதைக் கொண்டுபோகாமல் இருக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்.

இரண்டு வாரம் முன்பிருந்தே கறி, மீன் வாங்குவதை நிறுத்திவிட்டு ஃப்ரீசரில் இருப்பதைச் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். கடைசி வாரம் இட்லி மாவு அரைக்க வேண்டாம். ஓடும் வண்டியின் சூட்டில் அது பொங்கி மூடியைத் தள்ளிவிடும். முட்டையையும் தீர்த்துவிடுவது நல்லது. குளிரிலிருந்து வெளியே எடுத்தால் ஓடு வியர்க்கும், அந்த ஈரத்தோடு கிருமி ஓட்டின் நுண்துளை வழியாக உள்ளே போகலாம். எண்ணெய் மிதக்கும் ஊறுகாய், நெய், தக்காளி சாஸ், ஜாம் ஆகியவற்றுக்கு இரண்டு நாள் குளிர் தேவையில்லை. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கவரில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

ஒரே ஊருக்குள் மாறுகிறவர்களுக்கு வழி உண்டு. புது வீட்டில் பால் காய்ச்சும் நாளிலேயே ஃப்ரிட்ஜை மட்டும் குட்டியானையில் அனுப்பி ஓட விட்டுவிடுங்கள். அதுவரை ஃப்ரீசர் பொருள்கள் அக்கம்பக்கத்தார் ஃப்ரீசரில் இருக்கட்டும். அங்கிருந்து புது வீட்டுக்கு எடுத்துப்போகத் தெர்மோகோல் பெட்டி போதும். மீன் மார்க்கெட்டில் கிடைக்கும். சுவர் ஓர் அங்குல கனமாவது இருக்க வேண்டும்.

கறியையும் மீனையும் அரைக் கிலோ அரைக் கிலோவாகத் தட்டையாக்கி, இரட்டைக் கவரில் போட்டு, இரண்டு நாள் முன்பே கல்லாக உறைய விடுங்கள். ஒரு லிட்டர் பாட்டில்களில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி அவற்றையும் உறைய வையுங்கள். முழுக்க ஊற்றினால் வெடித்துவிடும். பொருள் எவ்வளவு எடையோ, ஐஸும் அவ்வளவு எடை. அடியில் ஒரு வரிசை ஐஸ், அதன் மேல் பச்சைக் கறி, அதற்கு மேல் துருவிய தேங்காய், பட்டாணி. உச்சியில் மறுபடி ஐஸ், ஏனென்றால் குளிர் காற்று கீழ்நோக்கித்தான் இறங்கும். இடைவெளியில் செய்தித்தாளைக் கசக்கி அடையுங்கள், காலி இடம் இருந்தால் ஐஸ் சீக்கிரம் உருகும். மூடியை டேப் சுற்றி அடைத்தபின் வீடு போய்ச் சேரும்வரை திறக்காதீர்கள். பெட்டியை டிக்கியில் வைக்காமல் ஏசி ஓடும் இடத்தில் வையுங்கள்.

உலர் பனிக்கட்டி (டிரை ஐஸ்) வேண்டாம். மைனஸ் 78 டிகிரி குளிரில் கை வெந்துபோகும். அது கரியமில வாயுவாக மாறி, கண்ணாடி ஏற்றிய காருக்குள் மூச்சுத் திணற வைக்கும்.

பெட்டியைத் திறந்ததும் தொட்டுப் பாருங்கள். நடுவில் ஐஸ் நறுநறுவென்று இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம், கறி கொஞ்சம் சொதசொதப்பாகும், அவ்வளவுதான். முழுக்க இளகி, 5 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள். 32 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஒரு மணி நேரம்தான் கெடு. முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். சூரை, மத்தி, கானாங்கெளுத்தி மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. உடம்பு தடித்து, முகம் சிவந்து, தலைவலி வரும். பழைய சோற்றிலும் குழம்பிலும் ஊறும் சில நச்சுகளும் இப்படித்தான், கொதிக்க வைத்தாலும் போகாது.

ஃப்ரிட்ஜ் விஷயம்: ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள், குழாய் ஓட்டையானால் கேஸ் போய்விடும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் பின்பக்கம் கம்ப்ரஸர் மேலே தண்ணீர்த் தட்டு இருக்கும். அதைக் காலி செய்ய மறந்தால் லாரியில் வழியும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சோடா உப்பு கலந்து, கதவு ரப்பரின் மடிப்பு உட்படத் துடையுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்து நாறும். ஏற்றும் நேரம் வரை கதவு திறந்தே இருக்கட்டும். எப்போதும் நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். படுக்க வைத்துவிட்டால், கம்ப்ரஸர் எண்ணெய் குழாயிலிருந்து இறங்க 24 மணி நேரம் நிற்க வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

வீட்டில் இன்சுலின் இருந்தால் அதற்குத் தனி டப்பா. திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், ஆனால் உறைந்தால் பயனற்றுப்போகும். ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி, மருந்து அதன் மேல் படாதபடி வையுங்கள். இந்த டப்பா லாரியில் ஏறக் கூடாது, உங்கள் கைப்பையிலேயே வரட்டும்.