தோட்டப்புறச் சாலையில் விபத்து: போலீஸ் ரிப்போர்ட் முதல் இழப்பீடு வரை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் நடக்கும் மோட்டார்சைக்கிள் விபத்து வழக்குகளில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது விபத்தன்று நீங்கள் கொடுத்த போலீஸ் ரிப்போர்ட்டைத்தான். இரண்டு ஆண்டு கழித்துக் கூண்டில் ஏறி நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் அதோடு ஒப்பிட்டுக் கேட்பார். ரிப்போர்ட்டில் இல்லாத ஒன்றை அங்கே புதிதாகச் சொன்னால், "பிறகு சேர்த்துக்கொண்ட கதை" என்று வாதிடுவார். நீதிபதிக்கும் அந்தச் சந்தேகம் எழுவது இயல்பு.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்கிறது. "பேசி முடிச்சிக்கலாம்" என்று நூறு இருநூறு வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். முட்டி வீங்கி எலும்பு விரிசல் தெரியவரும்போது, எதிராளி முந்திக்கொண்டு நீங்கள்தான் வந்து மோதினீர்கள் என்று எழுதிவைத்திருப்பார்.

ரிப்போர்ட் செய்யாமல் விடுவதற்குத் தோட்டங்களில் இரண்டு காரணங்கள் சொல்வார்கள். முதலாவது, லைசன்ஸ் இல்லை என்ற பயம். லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுவது 26ஆம் பிரிவின் கீழ்த் தனிக் குற்றம். அபராதம் 300 வெள்ளியிலிருந்து 2,000 வெள்ளி வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் லைசன்ஸ் இல்லை என்பதால் மட்டுமே விபத்துக்கு நீங்கள்தான் காரணம் என்று ஆகிவிடாது. அந்த அபராதத்துக்குப் பயந்து பெரிய இழப்பீட்டைக் கைவிடுகிறவர்கள் உண்டு, பார்க்கவே வேதனையாக இருக்கும். இரண்டாவது, "தோட்டத்துக்குள்ள நடந்தது, அது ரோடே இல்ல" என்பது. பொதுமக்கள் வந்துபோகும் வேறு எந்தச் சாலையும் சட்டத்தின் கண்ணில் சாலைதான். கோயிலுக்கும் பள்ளிக்கும் வெளியாட்கள் போய்வரும் செம்மண் பாதை அந்த விளக்கத்துக்குள் வரக்கூடும். ஆகவே உள்ளே நடந்தாலும் ரிப்போர்ட் செய்யுங்கள்.

சம்பவ இடத்தில், அடிபட்டவரைக் கவனித்த பிறகு, வண்டிகளை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். கிட்டத்தில் நொறுங்கிய பகுதியை எடுத்தால் மட்டும் போதாது. முப்பது அடி தள்ளி நின்று சாலைக் கோடு, சந்திப்பு, டயர் தடம், சிதறிய கண்ணாடி எல்லாம் ஒரே படத்தில் விழும்படியும் எடுங்கள். மோதல் யாருடைய தடத்தில் நடந்தது என்பதைக் கண்ணாடித் துண்டுகளும் மண்ணும்தான் காட்டிக்கொடுக்கும். மழை பெய்தால் செம்மண் சாலையில் அந்தத் தடயம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. எதிர் வண்டியின் எண், ஓட்டுநரின் ஐசி (அடையாள அட்டை) எண், பார்த்தவர்களின் பெயர், கைபேசி எண் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரியோ டிராக்டரோ என்றால், பின்விளக்கு எரிந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ரிப்போர்ட். நேரம், எங்கிருந்து எங்கே போனீர்கள், எந்தத் தடம், என்ன வேகம், எதிர் வண்டி எந்தத் திசையிலிருந்து என்ன செய்தது, நீங்கள் தவிர்க்க என்ன செய்தீர்கள், எந்தப் பாகம் எந்தப் பாகத்தில் மோதியது, மோதல் எந்தத் தடத்தில் நடந்தது, என்ன காயம் என்ற வரிசையில் சொன்னால் எதுவும் விடுபடாது. இப்படி:

"மாலை 6.40 மணியளவில் தோட்டத்திலிருந்து பட்டணம் நோக்கி, என் இடதுபுறத் தடத்தில், சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார்சைக்கிளில் சென்றேன். எதிரே வந்த லோரி இரட்டைக் கோட்டைத் தாண்டி என் தடத்துக்குள் வந்தது. பிரேக் பிடித்து இடப்பக்கம் ஒதுங்கினேன். லோரியின் வலது முன்மூலை என் மோட்டாரின் வலது ஹேண்டலில் இடித்தது. மோதல் என் தடத்துக்குள் நடந்தது."

"திடீரென்று ஒரு லோரி வந்து மோதிவிட்டது" என்று மட்டும் எழுதினால் வழக்கு பலவீனமாகிவிடும். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லையா, அப்படியானால் நீங்கள் சாலையைப் பார்க்கவில்லை என்பார்கள். நினைவில்லாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். "நினைவில்லை" என்று எழுதச் சொல்வது தவறே இல்லை. தமிழில் நீங்கள் சொல்ல, மலாயில் தட்டச்சு ஆகும். கையெழுத்துப் போடுமுன் முழுவதையும் படித்துக்காட்டச் சொல்லுங்கள். இடமும் வலமும், முன்னும் பின்னும் மாறிப்போவது இங்கேதான். தவறு தெரியவந்தால் அடுத்த நாளே இன்னொரு ரிப்போர்ட் செய்து, எது தவறு, ஏன் தவறியது என்று சொல்லிவிடுங்கள். வழக்கறிஞரைப் பார்த்த பிறகு ஆறு மாதம் கழித்துச் செய்யும் திருத்தத்துக்கு மதிப்புக் குறைவு. ஓட்டியவர் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி வார்டில் கிடக்கிறார் என்றால், குடும்பத்தார் ஒருவர் தமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி முதல் ரிப்போர்ட்டைச் செய்யலாம். அவர் தேறியதும் தாமே விவரம் தரட்டும்.

பிறகு விசாரணை அதிகாரி இடத்தை அளந்து வரைபடம் போடுவார். அந்த வரைபடம், எதிராளியின் ரிப்போர்ட், விசாரணை முடிவு மூன்றையும் விண்ணப்பித்துப் பெறுங்கள். சம்மன் உங்களுக்கே வந்தால் அவசரப்படாதீர்கள். மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டால், இழப்பீட்டு வழக்கில் அந்த ஒப்புதலை உங்களுக்கு எதிராகக் காட்டலாம். அதுவே முடிவாகிவிடாது, ஆனால் விளக்கிச் சமாளிப்பது கடினம். உங்கள் மேல் தவறில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் விசாரணை கேளுங்கள். குற்றப்பத்திரிகையின் வாசகத்தையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 2017இல் ஜொகூர் பாருவில் எட்டுச் சிறுவர்கள் சைக்கிளோட்டி இறந்த வழக்கில், கார் ஓட்டியவரை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் விடுவித்தது, குற்றச்சாட்டே குறைபாடுடையது என்ற காரணத்தால்.

வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ அடிபட்டவர்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவையும் மறக்கக் கூடாது. முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். வழக்கமான பாதையில்தான் போனீர்கள் என்பதும் ரிப்போர்ட்டில் இருக்கட்டும்.

காயத்துக்கான இழப்பீட்டு வழக்கை, தொகை எவ்வளவானாலும் செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம். வழக்குப் போடுமுன்போ, போட்ட ஏழு நாளுக்குள்ளோ எதிர் வண்டியின் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நோட்டீஸ் போக வேண்டும். இல்லாவிட்டால் தீர்ப்பு கிடைத்தும் அந்த நிறுவனத்திடம் பணம் வசூலிப்பது சிக்கலாகும். வருமான இழப்பை ஆண்டுக் கணக்கில் பெருக்குவார்கள்: 30 வயதும் அதற்குக் கீழும் என்றால் 16 ஆண்டு; 31 முதல் 59 வயது வரை என்றால், 60இலிருந்து வயதைக் கழித்து வருவதில் பாதி. நாற்பது வயதுக்காரர் மாதம் 800 வெள்ளி இழந்தால், 800 × 12 × 10, அதாவது 96,000 வெள்ளி. குலை வெட்டும் குத்தகையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சம்பளச் சீட்டு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு, குத்தகைக்காரரின் பதிவேடு எது கிடைத்தாலும் எடுத்துவையுங்கள். ஹெல்மெட் போடாமல் தலையில் அடிபட்டிருந்தால் இழப்பீட்டில் ஒரு பங்கு கழியும்.

வார்டுக்கே வந்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கும் ஏஜெண்டுகளைத் திருப்பி அனுப்புங்கள். "ஜெயிச்சா இத்தனை சதவீதம்" என்ற ஒப்பந்தத்தை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிக்கவில்லை. வழக்கறிஞரை நீங்களே தேர்ந்தெடுக்க நேரம் இருக்கிறது: காயத்துக்கான வழக்குக்கு ஆறு ஆண்டு. இறந்தவரின் குடும்பம் தொடுக்கும் வழக்குக்கு மட்டும், இறந்த நாளிலிருந்து மூன்றே ஆண்டு.