சோளம், கம்பு: தானியத்துக்கும் தீவனத்துக்கும் முதல்முறை விதைக்கிறவர்களுக்கு

உழவு, தொழுவுரம், பாத்தி எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் சறுக்கியது இரண்டு இடத்தில்: விதைக்கிற ஆழம், தீவனத்துக்கு அறுக்கிற நாள். அதனால் அவை இரண்டும்தான் இங்கே நீளமாக வரும்.

1. எதற்காக விதைக்கிறீர்கள்?

தானியத்துக்கு என்றால் எக்டேருக்கு 10 கிலோ சோளம் போதும். பச்சைத் தீவனத்துக்கு 40 கிலோ வரை போடுவார்கள், ஏனென்றால் நெருக்கமாக நின்றால்தான் தண்டு மெலிந்து மாடு கழிக்காமல் தின்னும். இரண்டுக்கும் ஒரே பயிர் என்று ஆசைப்பட்டால், கதிர் முற்றும்போது தட்டையில் சத்து குறைந்து நாராகிவிடும் என்பதை ஒப்புக்கொண்டு இறங்குங்கள். ரகம் பார்க்கும்போது இலையின் நடுநரம்பைப் பாருங்கள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் தண்டு பெரும்பாலும் சக்கை, மங்கிய பச்சையாக இருந்தால் சாறு உள்ளது. தீவனத்துக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

2. விதைப்பு

சோளத்துக்கு 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழம். கம்பு விதை அதில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இருக்காது, அதற்கு 2 சென்டிமீட்டரே தாராளம். இது தெரியாமல் முதல் தடவை இரண்டையும் ஒரே ஆழத்தில் போட்டேன். சோளம் வரிசையாக எழுந்து நிற்க, கம்புச் சால் வெறும் மண்ணாகக் கிடந்தது. விதைதான் சொத்தை என்று திட்டிக்கொண்டே விரலால் கிளறிப் பார்த்தால், வெளுத்த முளை காய்ந்து இறுகிய மேல்மண்ணை முட்டமுடியாமல் அடியிலேயே சுருண்டு கிடக்கிறது. அளவுகோல் எல்லாம் தேவையில்லை, ஆள்காட்டி விரலின் முதல் கணு போதும். கம்பு அதைத் தாண்டக் கூடாது, சோளம் கொஞ்சம் தாண்டலாம்.

சோளத்தைப் பருவம் தப்பி விதைத்தால் குருத்து ஈ வரும். நடுக்குருத்து காய்ந்திருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். அதற்குப் பிறகு மருந்து தேடிப் பிரயோஜனமில்லை, அடுத்த முறை முன்கூட்டி விதையுங்கள்.

3. அறுப்பு (இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்)

இளஞ்சோளத்தில் துரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. இலை கசங்கினாலோ மாடு மென்றாலோ அது உடைந்து ஹைட்ரோசயனிக் அமிலம் வெளிவரும், சயனைடு நஞ்சுதான். இளங்குருத்தில், வறட்சியில் நின்ற பயிரில், தழைச்சத்து உரம் அதிகம் போட்ட பயிரில் இது கூடுதல். எல்லாவற்றையும்விட மோசம், வறட்சிக்குப் பிறகு மழை பெய்ததும் குபீரென்று கிளம்பும் மறுதாம்பு, அதாவது அறுத்த கட்டையிலிருந்து திரும்பத் துளிர்ப்பது. நான் விழுந்தது அங்கேதான். முழங்கால் உயரம்கூட வராத தளிர், பார்க்கவே ஆசையாக இருந்தது, ஒரு கட்டு அறுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மாடு வேகவேகமாக மூச்சு வாங்கித் தள்ளாட ஆரம்பித்துவிட்டது. மருத்துவர் சீக்கிரம் வந்து ஊசி போட்டதால் பிழைத்தது. இதில் நிமிஷக் கணக்குதான், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

அதனால் பாதிப் பயிராவது பூக்கும்வரை காத்திருந்து அறுங்கள். பல அறுவடை ரகத்தில் முதல் அறுப்பு 60 நாளுக்கு மேல் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் கம்பு விதையுங்கள், அதில் துரின் கிடையாது. கருவி என்றால் என் ஓட்டு அரிவாளுக்கே, புல்வெட்டி இயந்திரம் அடித்தூரைச் சிதைத்துவிடுகிறது, மறுதாம்பு ஒழுங்காக வருவதில்லை.

4. கதிர்

தானியத்துக்கு விட்டிருந்தால், ஒரு மணியை உரித்து அடிப்பக்கம் பாருங்கள். கரும்புள்ளி விழுந்திருந்தால் மணி முற்றிவிட்டது, இனி அதில் எடை ஏறாது. அறுத்து, ஈரம் 12 சதவீதத்துக்கு வரும்வரை காயவைத்துச் சேமியுங்கள்.

பின்சேர்க்கை: "வாடவிட்டுப் போடலாமா?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். அரைகுறையாக வாடியது பச்சையைவிட ஆபத்தாகலாம். சலசலவென்று நன்றாகக் காய்ந்தால் நஞ்சு பெருமளவு குறைந்துவிடும், ஆனால் சோளத்தண்டு தடிமன் என்பதால் புல் காய்கிற வேகத்தில் காயாது.

இன்னொன்று: கம்பு நல்லது என்று நான் எழுதியதை வைத்து உரத்தை அள்ளிக் கொட்டிவிட்டதாக ஒருவர் சொன்னார். கம்பில் சயனைடு இல்லையே தவிர, உரம் அதிகமாகி வறட்சியும் சேர்ந்தால் நைட்ரேட் என்ற வேறொரு நஞ்சு தேங்கும், சோளத்திலும்தான். அது காயவைத்தாலும் போகாது. சயனைடு என்றால் மாட்டின் ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, நைட்ரேட் என்றால் சாக்லேட் பழுப்பு. நைட்ரேட் அடித்தண்டில்தான் அதிகம் இருக்கும், ஆகவே சந்தேகமான பயிரை ஒரு சாண் உயரம் விட்டு அறுங்கள்.