லேப்ராஸ்கோபி மயக்கத்தில் தொண்டையைப் புண்ணாக்கும் தவறுகள்

மயக்கம் கொடுக்கப் புதிதாகக் கற்க வருபவர்கள், பதினைந்து வருடம் முன்பு நான் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டிய டியூப் உணவுக்குழாய்க்குள் போவதைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. அதை, வெளிவரும் மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் கேப்னோகிராஃப் உடனே காட்டிக்கொடுத்துவிடும். தொண்டை புண்ணாவதற்கு எந்த மானிட்டரிலும் அலாரம் கிடையாது.

கஃப்பை விரலால் அளப்பது

இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். டியூபின் நுனிக்கு அருகே சுற்றியிருக்கும் பலூன்தான் கஃப். 10 மில்லி சிரிஞ்சில் உள்ள காற்று முழுவதையும் அதில் ஏற்றிவிட்டு, அதோடு இணைந்து வெளியே தொங்கும் பைலட் பலூனைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பார்த்து, "சரியா இருக்கு சார்" என்பார்கள். போன வாரமும் ஒருவர் சொன்னார். கஃப் அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரை மாட்டினேன். முள் பச்சைப் பட்டையைத் தாண்டி 80-இல் போய் நின்றது. இருக்க வேண்டியது 20 முதல் 30 செ.மீ. நீர் அழுத்தம். 30-ஐத் தாண்டினாலே மூச்சுக்குழாய்ச் சவ்வுக்கு ரத்தம் போவது குறையும். விரலுக்கு 30-உம் 80-உம் ஒன்றுதான்.

படிக்கும் காலத்தில், பித்தப்பை எடுத்த ஓர் அம்மாவுக்கு நானும் விரலை நம்பித்தான் காற்று ஏற்றினேன். லேப்ராஸ்கோபி என்பதால் வயிற்றில் நான்கு சிறு துளைதான். மறுநாள் வார்டில் பார்த்தபோது அவர் கை தொண்டையில் இருந்தது. "வயிறு பரவாயில்ல டாக்டர், எச்சில்கூட முழுங்க முடியல" என்றார், கம்மிய குரலில்.

ஒருமுறை அளந்ததோடும் விட்டுவிடக் கூடாது. வயிற்றுக்குள் 12–15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறியதும் உதரவிதானம் மேலே தள்ளப்படும், கஃப் அழுத்தமும் சேர்ந்து ஏறும். தலையைத் தாழ்த்தினால் இன்னும் கூடும். நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுத்தால் அது கஃப்புக்குள் ஊடுருவி மெல்ல உப்பவைக்கும். வாயு ஏற்றியபின் ஒருமுறை, சாய்த்தபின் ஒருமுறை, அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். மானோமீட்டர் அலமாரியில் பூட்டிக் கிடந்தால் சண்டை போட்டாவது வெளியே எடுங்கள்.

ஐ-ஜெல் போட்டால் தொண்டையே வலிக்காது என்று நினைப்பது

டியூபைவிடக் குறைவு, அவ்வளவுதான். ஐ-ஜெல் என்ற மூச்சுப்பாதைக் கருவி குரல்நாண்களுக்கு மேலேயே உட்காருவதால் குரல் கம்முவதும் குறைவு. காற்று ஏற்றும் கஃப்பும் இல்லை. ஆனால் அளவு தப்பி, மூன்று முறை தள்ளித் தள்ளிப் பார்த்தால் ரத்தம் ஒட்டிக்கொண்டுதான் வெளியே வரும். இதே போல மேலே உட்காரும், ஆனால் கஃப் உள்ள புரோசீல் என்ற கருவியில் கஃப் அழுத்தம் 60 செ.மீ. நீர் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. வயிறு காலியாக இல்லாதவருக்கும், கடுமையான எதுக்களிப்பு உள்ளவருக்கும் தொண்டை வலிக்குப் பயந்து டியூபைத் தவிர்க்காதீர்கள். இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பெண்களுக்கும் 8 நம்பர் டியூப்

வேண்டாம். பெரும்பாலும் 7 போதும்.

கண்ணால் பார்க்காமல் சக்‌ஷன் போடுவது

எச்சிலை உறிஞ்சும் குழாய் பட்டு உள்நாக்கு காயப்பட்டு வீங்கும்.

மறுநாள் போய்க் கேட்காமல் இருப்பது

"வலி இருக்கா?" என்று மட்டும் கேட்டால் வயிற்று வலியைத்தான் சொல்வார்கள். தொண்டை வலி, விழுங்கும்போது வலி, குரல் மாற்றம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ரிக்கவரி அறையில் ஒருமுறை, 24 மணி நேரம் கழித்து ஒருமுறை. சில நாளாகியும் குரல் திரும்பவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.