பழைய காருக்குப் புது செட்: கப்ளரில் கை வைக்காதீர்கள்

பதினைந்து வருடம் ஓடிய வண்டியை விற்க மனசு வராது. இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஏசி வேலை செய்கிறது, போனில் இருக்கும் பாட்டைக் கேட்கத்தான் வழியில்லை. ஒரு ப்ளூடூத் செட், நாலு ஸ்பீக்கர், முடிந்தால் ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) என்று ஆரம்பிப்பார்கள். நல்ல முடிவுதான். மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா என்று எந்தப் பழைய வண்டியிலும் உட்கார்ந்து ரசிக்கிற மாதிரி பாட்டைக் கொண்டுவர முடியும். ஆனால் முதல் தடவை வேலையில் இறங்குகிறவர்கள், தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே காரியங்களை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் கை வைப்பது, டோர் பேட் கிளிப்பை உடைப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு தடவை பொறி பறந்தால் தானாகவே பழக்கம் வந்துவிடும். பணத்தைத் தின்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

கம்பெனி கப்ளரை வெட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். பழைய செட்டை வெளியே இழுத்தால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கப்ளர் மாட்டியிருக்கும். வண்டியின் கரண்ட் வயர், ஸ்பீக்கர் வயர் எல்லாம் அதில்தான் வந்து சேர்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி அதன் வடிவம் மாறும். புது செட்டோடு வருகிற கப்ளர் பெரும்பாலும் அதில் பொருந்தாது. உடனே கட்டிங் பிளேயரை எடுத்து வண்டிக் கப்ளரை நறுக்கி, வயரோடு வயரை முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவார்கள். அரை மணி நேர வேலை. பாட்டும் வரும்.

சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய வண்டியில், டேஷ்போர்டுக்குள் அந்த டேப் என்ன ஆகும்? பசை இளகும், சுற்று தளரும், கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். ஒரு வருடம் கழித்து அந்தச் செட்டை வெளியே இழுத்தால் விரலெல்லாம் கறுப்பாகப் பிசுபிசுக்கும். முறுக்கிய செம்புக் கம்பி மங்கிப்போய், சில இடங்களில் பச்சை பூத்துத் திறந்தபடி கிடக்கும்.

போன வருடம் ஒரு தம்பி 2006 மாடல் சான்ட்ரோவைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா வாங்கிய வண்டி. டச் ஸ்கிரீன் செட் போட்டுச் சில மாதங்களிலேயே சத்தம் நின்றுவிட்டது. திரை மட்டும் எரிகிறது. விற்ற கடையில் ஒரு தடவை வேறு செட் மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் போயிற்று. “அண்ணே, இந்த கம்பெனி செட்டே மட்டமா?” என்று கேட்டார். டேஷைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் வலது ஸ்பீக்கருக்குப் போகிற வயலட் வயரில் டேப் நழுவி, செட்டைத் தாங்குகிற இரும்புக் கூட்டின் விளிம்பில் செம்பு உரசிக்கொண்டிருந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தொடும், விலகும். அந்த விளிம்பில் சின்னச் சின்னதாகக் கருகிய புள்ளிகள் இருந்தன.

ஒரு ஸ்பீக்கர் வயர் பாடியைத் தொட்டதற்கு மொத்த செட்டும் ஏன் போக வேண்டும்? பழைய கேசட் செட்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் பாடி எர்த்தோடு சேர்ந்ததுதான். இன்றைய செட்டில் அப்படியில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகிற இரண்டு வயரையும் உள்ளே இருக்கும் ஐசி சிப் ஓட்டுகிறது. பாட்டு ஓடாத நேரத்திலும் இரண்டிலும் பேட்டரி வோல்டேஜில் ஏறக்குறையப் பாதி நிற்கும். இரண்டில் எது பாடியைத் தொட்டாலும் ஷார்ட். நல்ல செட்டாக இருந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். மலிவான செட்டில் ஐசி வெந்துவிடும், நாலு ஸ்பீக்கரும் சேர்ந்து ஊமையாகும். பழைய அம்பாசடரிலோ பத்மினியிலோ ஸ்பீக்கர் மைனஸ்களை ஒன்றாக முறுக்கிப் பாடியில் கொடுத்திருந்தால், அதே வயரிங்கில் புது செட்டைச் சேர்த்த அன்றைக்கே கதை முடிந்தது.

இரண்டாவது தடவை “வயரிங் கோளாறு” என்று சொல்லி அந்தத் தம்பிக்கு வாரண்டியை மறுத்துவிட்டார்கள். கோளாறு வயரிங்கில்தான், அது உண்மை. ஆனால் கப்ளரை வெட்டி டேப் சுற்றியதும் அதே கடைதான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில். வண்டி மாடலைச் சொன்னால் அதற்கென்றே கன்வெர்ஷன் கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுப் பக்கம் போனால் நடந்தே நாலு கடை கேட்டுவிடலாம். ஒரு முனை வண்டிக் கப்ளரில் ஏறும், மறுமுனை செட்டில் ஏறும், வண்டி வயர் ஒன்றைக்கூடத் தொட வேண்டாம். நாளைக்கு செட் ரிப்பேருக்குப் போனாலும் பழையதை அப்படியே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

சரி, யாரோ ஏற்கெனவே வெட்டிவிட்ட வண்டிதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால்? அவசரப்படாமல் எல்லா முறுக்கையும் பிரித்துவிடுங்கள். செட் பக்கத்து நிறங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள் எப்போதும் கரண்ட் இருப்பது, சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, வயலட் பின் வலது; அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். வண்டிப் பக்கத்து நிறங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, மல்டிமீட்டர்தான் பேச வேண்டும். ஸ்பீக்கர் வயர் என்று தோன்றும் ஜோடியில் ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை நொடி நேரம் தொட்டால், அந்தக் கதவிலிருந்து ‘டப்’ என்று சத்தம் வரும். அப்புறம் மீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரையும் பாடியோடு சோதியுங்கள். பீப் அடித்தால் அந்த ஜோடியை அப்படியே விட்டுவிட்டு, கதவு வரைக்கும் புது வயர் இழுங்கள். ஜாயின்ட்டை கிரிம்ப் செய்யுங்கள் (உலோகக் குழாயில் நுழைத்து நசுக்கி இறுக்குவது), அல்லது ஈயம் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். கறுப்பு டேப் வேண்டவே வேண்டாம்.

இதோடு சேர்ந்தே வருகிற இன்னொன்று, சாவி கரண்ட் எது என்று தெரியாமல் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்குவது. செட் முழுசாக அணையாது. மாருதி 800-இல் இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. செட் அரை ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருந்தால் மூன்று நாளில் காலி. ஊருக்குப் போய் வந்து சாவி போட்டால் வண்டி எழும்பாது. பழியைப் பேட்டரி மேல் போட்டு இன்னொரு பேட்டரி வாங்குவார்கள்.

அட்டைப்பெட்டி வாட்ஸை நம்புவது

‘50 வாட் × 4’ என்று எழுதியிருக்கும். இன்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். அதை நேரடியாக வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாமல் கொடுக்கக்கூடிய உச்சம், கணக்குப்படியே 26 வாட்தான். நடைமுறையில் இருபதை ஒட்டி நிற்கும். செட்டின் பின்னால் இருக்கிற ஃப்யூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்றால் உள்ளே போகக்கூடியதே 144 வாட். அதிலிருந்து 200 எப்படி வெளியே வரும்?

ஆகவே ஆம்ப் போடப் போவதில்லை என்றால், 300 வாட் என்று எழுதிய கனமான ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். சென்சிட்டிவிட்டி எண்ணை, அதாவது ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதைக் கேளுங்கள். 90 டெசிபலுக்கு மேல் இருந்தால் நல்லது. 3 டெசிபல் கூடினால் பாதி வாட்டிலேயே அதே சத்தம் கிடைக்கும். கடைக்காரர் சொல்லாவிட்டாலும் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

கண்ணாடியை இறக்கிப் பார்க்காமல் ஸ்பீக்கர் வாங்குவது

கண்ணாடி முழுசாக இறங்கிய நிலையில், கதவுக்குள் ஸ்பீக்கருக்கு இருக்கும் ஆழத்தை அளந்துவிட்டு கடைக்குப் போங்கள்.

கதவுக்குள் இருக்கும் ஷீட்டைக் கிழித்தெறிவது

டோர் பேடைக் கழற்றினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். வேலைக்கு இடைஞ்சல் என்று கிழித்துவிடுவார்கள். மழை பெய்தால் கண்ணாடியோடு தண்ணீர் கதவுக்குள் இறங்கி அடியிலுள்ள துளை வழியாக வெளியேறும். வண்டி அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் உள்பக்கம் வராமல் காப்பது இந்த ஷீட்தான். அது போனால் ஐப்பசி மழையில் டோர் பேட் ஊறும், கால்மிதியில் தண்ணீர் நிற்கும். ஸ்பீக்கருக்கு அடியில் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வளையம் வைத்திருந்தால் அதுவும் உப்பிப் பிளந்துவிடும்.

ஷீட்டைப் பத்திரமாக உரித்துத் திரும்ப ஒட்டுங்கள். இன்னும் நல்லது, கதவின் உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளை பியூட்டைல் டேம்பிங் ஷீட்டால் (அதிர்வை அடக்கும் ரப்பர் ஷீட்) மூடிவிடுவது. ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் அந்த ஓட்டைகள் வழியே கலந்தால் பேஸ் கரைந்துபோகும். பாதி விலை ஸ்பீக்கரை அடைத்த கதவில் மாட்டினால், விலை உயர்ந்த ஸ்பீக்கரை ஓட்டைக் கதவில் மாட்டியதைவிட நன்றாகக் கேட்பதைப் பலருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். வளையத்துக்கு மரைன் பிளை அல்லது அக்ரிலிக் போதும்.

ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பிளஸ் மைனஸ் மாறுவது

எல்லாம் புதுசு, ஆனால் பேஸ் மட்டும் இல்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ஆம்பின் ஃப்யூஸை ஆம்ப் பக்கத்தில் வைப்பது

டிக்கியில் ஆம்ப், பானட்டுக்குள் பேட்டரி, நடுவில் நாலைந்து மீட்டர் தடித்த வயர். ஃப்யூஸ் காப்பாற்ற வேண்டியது அந்த வயரை. இன்ஜின் பக்கத் தகட்டைத் தாண்டுகிற இடத்தில் ரப்பர் க்ரோமெட் (துளையின் விளிம்பில் மாட்டும் வளையம்) இல்லாமல் வயரை இழுத்திருந்தால், தகட்டின் விளிம்பு மெல்ல மெல்ல அதன் தோலை அறுக்கும். செம்பு தகட்டைத் தொடும்போது ஃப்யூஸ் டிக்கியில் இருந்து என்ன பயன்? பேட்டரியின் மொத்த கரண்டும் அந்த வயரில் பாயும், வண்டி தீப்பிடிக்கும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

வயர் வாங்கும்போது ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் குறைவான கரண்டைத்தான் தாங்கும்.

ஆர்சிஏ வயரையும் கரண்ட் வயரையும் ஒன்றாகக் கட்டி இழுப்பது

ஆர்சிஏ என்பது செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகிற வயர். ஒன்று இடது ஓரம், ஒன்று வலது ஓரம். அதற்குப் பிறகும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ‘உய்ய்’ என்ற சத்தம் ஸ்பீக்கரில் ஏறினால், ஆம்பின் எர்த் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டித் தகடு பளபளவென்று தெரிந்த பிறகு திரும்ப இறுக்குங்கள்.